ஊரைக் கூட்டி விற்கலாம்: சிறு பண்ணைக் கேள்வி பதில்

விளைவிப்பதில் சந்தேகம் கேட்டு வரும் கடிதங்களைவிட, விளைந்ததை விற்பதில் சந்தேகம் கேட்டு வருபவை இப்போது கூடிவிட்டன. அக்கம்பக்கத்து வீடுகளையும் பள்ளியையும் சங்கங்களையும் பண்ணையோடு சேர்த்துக்கொள்வது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறோம்.

அரை ஏக்கரில் கீரையும் காய்கறியும் போடுகிறேன். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். முதல் வாரம் பத்துப் பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் இரண்டே பேர். எங்கே தவறு?

நோட்டீஸ் மேல் குற்றமில்லை ஐயா. பத்துப் பேரை வாசலுக்கு அழைத்து வந்ததோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பத்துப் பேர் ஏன் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கேட்ட காய் இல்லை. வந்த நேரத்தில் ஆள் இல்லை. அடுத்து எப்போது வரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆள் சேர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கடந்த எட்டு வாரங்களில் வாரத்துக்கு எத்தனை கிலோ பறித்தீர்கள் என்று எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள். அதில் மிகக் குறைந்த வாரம் எதுவோ அதுதான் நீங்கள் வாக்குக் கொடுக்கக்கூடிய அளவு. அந்த வாரம் 60 கிலோ என்றால், பூச்சிக்கும் மழைக்கும் கழிவுக்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுங்கள். 48 கிலோ நிற்கும். வீட்டுக்கு வாரம் 4 கிலோ வீதம் 12 வீடு. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது இந்த 12 வீடுதான், ஊர் முழுவதும் இல்லை. மிச்சம் விளைவது வழக்கம்போலச் சந்தைக்குப் போகட்டும்.

12 வீட்டைப் பிடிக்க நோட்டீஸ் தேவையில்லை. மூன்றாம் வாரமும் வந்த அந்த இரண்டு பேரிடம் பேசுங்கள். "உங்கள் தெருவில் இன்னும் நாலு வீடு சேர்ந்தால் உங்கள் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். உங்களுக்கும் 12 இடத்துக்குப் பதில் இரண்டு மூன்று இடத்தில் இறக்கினால் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்புகிற அளவுக்கு எந்தப் பலகையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு வாரத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். திங்கள் இரவு பட்டியல் போகிறது, புதன் பகல் 12 மணிக்கு ஆர்டர் முடிகிறது, வியாழன் விடியலில் பறிப்பு, அன்று மாலை விநியோகம். பட்டியல் இப்படி இருந்தால் போதும்:

"இந்த வாரம் பீன்ஸ் 15 கிலோ, கத்தரி 10 கிலோ, கீரை 30 கட்டு. தக்காளி இல்லை, அடுத்த வாரம் வரும். புதன் பகல் 12 மணிக்குள் சொல்லவும். வியாழன் மாலை 5 முதல் 7 வரை பள்ளி வாசலில் இருப்பேன்."

இல்லாததையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வரி, வந்து ஏமாந்து போவதைத் தடுக்கும். அளவு போடுவதும் முக்கியம். 15 கிலோ என்று பார்த்தவர் புதன்வரை காத்திருக்கமாட்டார். 12 மணிக்குப் பிறகு வரும் ஆர்டரை மரியாதையாக அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். ஒரே ஒருமுறை வளைந்து கொடுத்தாலும் அப்புறம் அந்தக் கெடு கெடுவாக இருக்காது.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்குவதா, பிராட்காஸ்ட் லிஸ்ட்டா (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போவது) என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் லிஸ்ட்தான் நல்லது. குழுவில் ஒருவர் "என் கீரை வாடியிருந்தது" என்று எழுதினால் இருபது பேர் சேர்ந்துகொள்வார்கள். காலை வணக்கப் படங்கள் வேறு. லிஸ்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான். முதல்முறை வாங்க வரும்போதே, பணம் வாங்கும் நேரத்தில், "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று நின்று சேமிக்க வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பவர் செய்வதில்லை.

பண்ணைக்கு முன் பலகை இருந்தும் வண்டிகள் நிற்காமல் போகின்றன. பெரிய பலகையாக வைக்கலாமா?

பலகையைவிட எழுத்தைப் பெரிதாக்குங்கள். 1 செ.மீ. உயர எழுத்தைச் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து படிக்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். படித்து, யோசித்து, வேகம் குறைக்க 4 விநாடி என்றாலும் 56 மீட்டர். ஆக எழுத்து 16 செ.மீ. உயரமாவது வேண்டும். அந்த அளவில் நாலைந்து வார்த்தைக்குமேல் கொள்ளாது, கொள்ளவும் கூடாது: "இன்று பறித்த தக்காளி, 100 மீட்டரில்." பண்ணையின் பெயரும் போன் எண்ணும் வாசலில் இருக்கும் இரண்டாவது பலகைக்கு. தக்காளி தீர்ந்த அன்று பலகையைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

பருவத் தொடக்கத்திலேயே முன்பணம் வாங்கி வாராவாரம் கூடை கொடுக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்து வீடுகள் தயாராக இருக்கின்றன. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது அம்மா, அதை வைத்துக்கொண்டே தொடங்கலாம். இது புதிய முறை இல்லை. ஜப்பானில் 1970களில் விவசாயிகளும் நகரத்துக் குடும்பங்களும் நேராகக் கைகோத்து "டெய்கெய்" என்ற பெயரில் நடத்தினார்கள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸில் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷையரில் டெம்பிள் வில்டன் பண்ணையும் இதே அடிப்படையில் தொடங்கின. விளைச்சலில் மட்டும் பங்கு என்றில்லை, நட்டத்திலும் பங்கு. அதுதான் இதன் உயிர். வாங்குபவருக்கு அந்த இரண்டாவது பாதி புரியாமல் பணம் கொடுத்திருந்தால், முதல் புயலிலேயே சண்டை வரும்.

அதனால் முழுப் பருவத்துக்கு வாங்காதீர்கள். முதல்முறை 8 வாரத்துக்கு மட்டும். ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எத்தனை வாரம், எந்த நாள், எங்கே எடுத்துக்கொள்வது, வராதவர் கூடை எத்தனை மணிக்குப் பிறகு யாருக்குப் போகும், ஊருக்குப் போகிறவர் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பயிர் போனால் என்ன. கடைசி வரியைத்தான் எல்லோரும் எழுத மறுக்கிறார்கள், அபசகுனம்போல. "ஒரு பயிர் கெட்டால் வேறு பயிரால் ஈடு செய்வோம், எல்லாமே கெட்டால் அந்த வாரம் கூடை இல்லை, பணம் திரும்பாது" என்று பச்சையாக எழுதுங்கள். ஒத்துக்கொள்பவர் மட்டும் சேரட்டும்.

வாங்கிய பணத்தை அன்றே செலவழித்துவிடாதீர்கள். விதை, நாற்று, உரத்துக்குப் போக மீதியை 8 பாகமாக்கி, கூடை கொடுத்து முடித்த ஒவ்வொரு வாரமும் ஒரு பாகத்தைக் கையில் எடுங்கள். முன்பணம் பாதியில் தீர்ந்துபோய், ஐந்தாம் வாரம் களையெடுக்கக் கூலி இல்லாமல் நிற்பதுதான் இந்த முறையில் வழக்கமாக வரும் விபத்து.

கூடைக்குள் ஐந்திலிருந்து ஏழு வகை போதும். கீரை இரண்டு கட்டுக்கு மேல் வேண்டாம். கூடை குறைந்துபோய் விலகுகிறவர்களைவிட, கூடை நிரம்பி வழிந்து, சமைக்க முடியாமல் அழுகவிட்டு, அந்தக் குற்ற உணர்வில் விலகுகிறவர்களே அதிகம். இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. விநியோகம் செய்யும் இடத்தில் காலியாக ஒரு கூடை வையுங்கள். வேண்டாததை அதில் போட்டுவிட்டு, அடுத்தவர் போட்டதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். நாலு வாரம் அந்தக் கூடையில் கடைசிவரை கிடப்பது எது என்று பாருங்கள். அடுத்த பருவத்தில் அதை எவ்வளவு குறைத்து விதைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

வாரம் தவறாமல் கூடை நிறைய, விதைப்பு அடுக்கடுக்காக இருக்க வேண்டும். கீரை 25 முதல் 30 நாளில் வந்துவிடும், ஆகவே வாரம் ஒரு பாத்தி. குத்துப் பீன்ஸ் 50 முதல் 60 நாளில் பறிப்புக்கு வந்து இரண்டு மூன்று வாரம் காய்க்கும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு விதைப்பு. கணக்குக்கு மேல் கால் பங்கு கூடுதலாகப் போட்டு வையுங்கள். அப்படியும் ஒரு வாரம் குறைந்தால் சந்தையில் வாங்கி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சொல்லிவிட்டு நிரப்பினால் தப்பில்லை. சொல்லாமல் நிரப்பியது எப்படியும் வெளியே வரும், அதற்கு முன் கொடுத்த கூடைகளும் அன்று சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பள்ளியிலிருந்து 40 பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்து வரக் கேட்கிறார்கள். இரண்டு மாடு, நாலு ஆடு, கொஞ்சம் காய்கறி இருக்கிறது. எப்படி நடத்துவது?

கை கழுவும் இடத்திலிருந்து தொடங்குவோம். நல்ல ஆரோக்கியமான மாடும் ஆடும்கூட ஈ கோலை ஓ157 கிருமியைச் சாணத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அவற்றைப் பார்த்தால் தெரியாது. சிறு பிள்ளைகளுக்கு, அதிலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு, அது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். பாட்டிலில் வரும் சானிடைசர் ஜெல் மண்ணும் சாணமும் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், வாளியில் எல்லோரும் முக்கி எடுக்கும் தண்ணீர் கூடாது.

இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள். கையை நனைத்து, 20 விநாடி சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துடைக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். இரண்டு குழாய் இருந்தால் 40 பேருக்கு 20 நிமிடம். அந்த இருபது நிமிடத்தைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான் கடைசியில் "சரி சரி, பஸ் நிற்கிறது" என்று பாதிப் பேரைக் கழுவாமல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஒரு பீப்பாயை மேடையில் ஏற்றி, குழாயில் நாலு திருகு மாட்டினால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். காகிதத் துண்டு வையுங்கள், பொதுத் துண்டு வேண்டாம். சாப்பாட்டுப் பை முழுவதும் மாட்டுக்கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். கழுவிய பிறகுதான் தின்பண்டம்.

40 பேரை ஒன்றாக நடத்திக்கொண்டு போகாதீர்கள். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். பத்துப் பத்தாக நாலு குழு, நாலு இடம், இடத்துக்கு 15 நிமிடம், மணி அடித்ததும் மாற்றம். ஒவ்வோர் இடத்திலும் கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்: ஓரிடத்தில் விதை ஊன்றுவது, ஓரிடத்தில் வேலிக்கு வெளியே நின்று ஆட்டுக்குத் தழை கொடுப்பது, ஓரிடத்தில் காய்கறியைத் தராசில் போட்டு எடையை ஊகிப்பது, ஓரிடத்தில் மட்கு உரக் குவியலுக்குள் கம்பியைச் செருகி எடுத்து அதன் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் வையுங்கள். முதலில் நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், நல்ல குவியலில் 60 டிகிரிவரை போகும்.

முந்தின நாள் ஒரு நடை நடந்து பாருங்கள். கிணறு, பண்ணைக்குட்டை, மோட்டார் அறை, மருந்து வைக்கும் அலமாரி ஆகியவற்றைப் பூட்டுங்கள் அல்லது மறையுங்கள். அந்த வாரம் மருந்து தெளிக்க வேண்டாம். தெளித்தே ஆகவேண்டுமென்றால் லேபிளில் உள்ள மறுநுழைவு இடைவெளி (தெளித்த பிறகு உள்ளே போகாமல் காத்திருக்க வேண்டிய நேரம்) முடியாத வயல் பக்கம் யாரையும் விடாதீர்கள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். படம் எடுத்து வெளியிட நினைத்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் கைகளையும் நாற்றையும் மட்டும் எடுங்கள், அழகாகவே இருக்கும்.

இதில் உங்களுக்கு என்ன வரும் என்று கேட்கத் தயங்குகிறீர்கள். அன்றைக்கு ஒன்றும் வராது. காகிதச் சுருளில் ஊன்றிய நாற்று ஒன்றைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகும். சுருளின் வெளிப்புறத்தில் பண்ணையின் பெயர், போன் எண், அடுத்து வரும் ஞாயிறு பெற்றோருடன் வரலாம் என்று ஒரு வரி. வாரக் கணக்கில் சன்னலோரம் இருந்து தண்ணீர் கேட்கும் நோட்டீஸ் அது.

ருசி பார்க்கக் கொடுத்தால் தின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். நிறுத்திவிடவா?

கொடுக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். ருசி பார்த்ததும் கையெட்டும் தூரத்தில் அதே பொருள், எடைபோட்டு, பையில் தயாராக இருக்க வேண்டும். ருசி ஒரு மேசையிலும் விற்பனை இன்னொரு மேசையிலும் இருந்தால் இடையில் ஆள் நழுவிவிடுவார். ஒரே பொருளில் இரண்டு ரகத்தை வைத்து "எது இனிப்பு?" என்று கேளுங்கள்; பதில் சொன்னவர் பாதி வாங்கியவர். தக்காளியை முந்தின இரவு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் மணம் மங்கிவிடும். வெட்டிய எதையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சிறு சிறு அளவாக வெட்டுங்கள், தட்டை மூடி வையுங்கள், எடுக்கக் குச்சி கொடுங்கள்.

விழாக் குழு, விளையாட்டுக் குழு, பள்ளி ஆண்டுவிழா என்று எல்லோரும் நன்கொடை கேட்கிறார்கள். இல்லை என்றால் பகை, கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை.

வருடத் தொடக்கத்திலேயே ஒரு வரம்பு வையுங்கள், விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. பணமாக வேண்டாம், பொருளாகக் கொடுங்கள். கேட்பவர் 30 நாளுக்கு முன் எழுதித் தரவேண்டும் என்று ஒரு விதி போட்டாலே பாதி குறைந்துவிடும். வரம்பு தீர்ந்துவிட்டால் "இந்த வருடத்தின் பங்கு முடிந்தது, அடுத்த வருடப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது" என்று சொல்ல முடியும். அதில் யாருக்கும் அவமானமில்லை. கொடுப்பதை ஒரு காய்கறிக் கூடையாக்கி, குலுக்கலில் பரிசாக வைக்கச் சொல்லுங்கள். மேடையில் உங்கள் பெயர் ஒருமுறை சொல்லப்படும், வென்றவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து போவார். நோட்டீஸின் பின்பக்கத்து மூலையில் பெயர் போடுவதைவிட இது மேல்.

தொழு உரம் இறைத்தால் பக்கத்துக் குடியிருப்பில் நாற்றம் என்று சண்டை. அவர்களிடமே எப்படி விற்பது?

இறைப்பதற்கு இரண்டு நாள் முன்பே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எப்போது நாற்றம் அடங்கும். சொல்லாமல் வந்த நாற்றம்தான் புகாராகும். காலையில் இறையுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று மேலெழுந்து வாடையைக் கலைத்துவிடும். மாலையில் காற்று அசையாமல் தரையோடு தங்கி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறைத்த சில மணி நேரத்துக்குள் உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள். வெளியே கிடந்தால் அம்மோனியாவாகப் பறப்பது உங்கள் தழைச்சத்துதான் (நைட்ரஜன்), நட்டமும் உங்களுக்கே. குடியிருப்பை நோக்கிக் காற்று வீசும் நாளிலும், விடுமுறை, விசேஷ நாட்களுக்கு முந்தின நாளிலும் தொடாதீர்கள். நாற்றம் அடங்கிய மறுநாள் அந்த மூன்று நான்கு வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டுக் கீரை. லஞ்சம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் கீரையை வாங்கிக்கொள்வார்கள்.

தன்னார்வலர்களை அழைத்துக் களையெடுக்கச் சொன்னால் கூலி மிச்சமாகுமா?

ஆகாது. பத்துப் பேர் 2 மணி நேரம் வந்தால் தாளில் 20 மணி நேர வேலை. அதில் அரை மணி விளக்கம், அரை மணி தண்ணீரும் படமும், மீதியில் பிடுங்கியதில் பாதி கேரட் நாற்று. உங்கள் அனுபவ ஆட்கள் இருவர் அன்று முழுக்க அவர்களோடே நிற்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒருவர் இல்லாமல் விடவே கூடாது. அவர்களை வேலைக்காரர்களாக நினைக்காமல் நாளைய வாடிக்கையாளராக நினைத்தால் கணக்கு நேராகும். தவறினாலும் கெடாத வேலை கொடுங்கள்: மூடாக்குப் பரப்புவது, பூண்டு, வெங்காயம் தாள் நீக்குவது, பறிப்புப் பெட்டி கழுவுவது, உருளைக்கிழங்கு பொறுக்குவது. இளம் பாத்தியில் களை, கத்தி பிடித்துக் கீரை அறுப்பது, மருந்துப் பக்கம் போவது எதுவும் வேண்டாம். சம்பளமில்லாமல் வேலை வாங்கும் சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும், காப்பீடும் அப்படியே. யாராவது மண்வெட்டியில் கால் வைப்பதற்கு முன், காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குடியிருப்பின் சமையலறைக் கழிவை வாங்கி மட்கு உரமாக்கி, பதிலுக்குக் காய்கறியில் தள்ளுபடி கொடுக்க நினைக்கிறோம். சரிவருமா?

அருமையான யோசனை. வாரா வாரம் வாளியோடு உங்கள் வாசலுக்கு வருகிறவர் வெறும் கையோடு திரும்புவதில்லை. கெடுவது இரண்டு இடத்தில்தான்: பிளாஸ்டிக், நாற்றம்.

பிளாஸ்டிக்கைத் தடுக்க வாளியை நீங்களே கொடுங்கள். மூடி போட்ட 10 லிட்டர் வாளி, அதன்மேல் வீட்டு எண். வாசலில் அவர்களையே கொட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் கண்முன் கொட்டும்போது உறையும் ரப்பர் பேண்டும் தானாகக் குறையும். ஒரு மாதத்துக்கு நாலு வாளி சுத்தமாக வந்தால் தள்ளுபடி என்று வையுங்கள், எடைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். எடைக்கு வைத்தால் தண்ணீர்தான் வரும். இறைச்சி, எண்ணெய், நாய் பூனைக் கழிவு கூடாது.

நாற்றம் என்பது ஈரமும் தழைச்சத்தும் கூடிப்போனதன் அடையாளம். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு. கழிவு வரும் முன்பே சருகைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இதைச் சேர்க்காமல் தொடங்கியவர்களின் குவியல்தான் மூன்றாம் வாரம் ஊரை எழுப்பும். குவியல் நீளம், அகலம், உயரம் எல்லாம் குறைந்தது 1 மீட்டர் இல்லாவிட்டால் சூடு பிடிக்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் விழ வேண்டும். ஒழுகினால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர். அமெரிக்க அங்கக (ஆர்கானிக்) விதியில் திறந்தவெளிக் குவியலுக்குக் கேட்பது இது: 55 முதல் 77 டிகிரிக்குள் 15 நாள், அதற்குள் 5 முறையாவது புரட்ட வேண்டும். உங்கள் நாட்டில் விதி வேறாக இருந்தாலும் களைவிதையும் நோய்க்கிருமியும் சாக இந்தக் கணக்கு உதவும்.

புல்வெளி வெட்டிய புல்லையும் வெளியிலிருந்து வரும் வைக்கோலையும் மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லி தெளித்த புல் என்றால், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அது தப்பிவந்துவிடும், மட்கினாலும் அழியாமல் தக்காளியையும் அவரையினத்தையும் சுருட்டிவிடும். சோதனை எளிது: மூன்று தொட்டியில் உங்கள் உரம் கலந்த மண், மூன்றில் நம்பகமான மண் மட்டும், ஆறிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் இளம் இலை கிண்ணம்போல மடங்கினால் அந்தக் குவியலைப் பயிருக்குப் போடாதீர்கள்.

சான்றிதழ் இல்லாமல் "இயற்கை விளைபொருள்" என்று எழுதலாமா?

பல நாடுகளில் "அங்கக", "ஆர்கானிக்" என்ற சொற்கள் சட்டத்துக்குள் இருக்கின்றன. முதலில் உங்கள் இடத்து விதியைப் பாருங்கள். சட்டம் விட்டாலும் அந்தச் சொல்லைவிடச் செய்ததைச் சொல்வது வலுவானது: "களைக்கொல்லி போடவில்லை. பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், கடைசியாக 12ஆம் தேதி தெளித்தோம்." இதை வாசலில் கரும்பலகையில் எழுதுங்கள். பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்றும் உண்டு. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் நேரில் பார்த்து, குறித்து, உறுதி சொல்வது. உலக அங்கக வேளாண் கூட்டமைப்பான ஐஃபோம் இந்த முறையை ஊக்குவிக்கிறது. வாங்குகிறவர் பதிவேட்டோடு உங்கள் பாத்தியில் நடப்பதால் ஊர்ப் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

நாங்கள் விற்ற தேன் உறைந்துவிட்டது. சர்க்கரை கலந்ததாகத் தெருவில் பேச்சு.

தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதுதான் உறைவது. குளிரான நாட்களில் வேகமாக நடக்கும், பூவுக்குப் பூ மாறுபடும். பேச்சு வந்த பிறகு விளக்குவதைவிட, அடுத்த பாட்டிலிலேயே எழுதுங்கள்: "உறைந்தால் 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் பாட்டிலை நிறுத்தவும்." கூடவே "1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரவேண்டாம்" என்றும். விற்பனை மேசையில் உறைந்தது ஒன்று, உருகியது ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

இத்தனையும் செய்கிறோம். எதில் பலன் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, பெயருக்கு எதிரே ஓர் எழுத்து: பலகைக்கு ப, பள்ளிக்கு பள், தெருக்காரர் சொன்னால் தெ, குலுக்கலுக்கு கு. அவரே மூன்றாவது முறை வாங்கும்போது அதே வரியில் ஒரு வட்டம். புதியவர்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வட்டங்களை மட்டும் எண்ணுங்கள். பலகை, பள்ளி நாள், குலுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஆன மணி நேரத்தையும் அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதி வையுங்கள். தயாரிப்பும் கழுவித் துடைப்பதும் சேர்த்து. மூன்று மாதம் கழித்து, வட்டம் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள். அதிக மணி நேரம் தின்னும் ஒன்றை அடுத்த பருவத்துக்கு விட்டுவிடுங்கள், அது உங்களுக்கு மிகவும் பிடித்ததாக இருந்தாலும். நோட்டைத் தராசுக்குப் பக்கத்தில் பேனாவோடு கயிற்றில் கட்டி வையுங்கள். உள்ளே அலமாரியில் இருக்கும் நோட்டில், கூட்டம் உள்ள நாளில் யாரும் எழுதுவதில்லை.